இல்லாத இருபத்தேழு பேர்

கேள்வி: கிரகாம் கிரீனின் ‘அவர் மேன் இன் ஹவானா’ நாவலைச் சமீபத்தில் படித்து முடித்தேன். வாக்குவம் கிளீனர் விற்கும் ஒருவர், இல்லாத ஏஜென்ட்டுகளை இருப்பதாகச் சொல்லி லண்டனிடம் சம்பளம் வாங்குகிறார். லண்டனும் நம்புகிறது. சிரிப்பதற்காகக் கூட்டிச் சொன்னதா, அல்லது உண்மையிலேயே இப்படி நடந்திருக்கிறதா? ஒரு பெரிய நாட்டின் உளவுத்துறை இவ்வளவு சுலபமாக ஏமாறுமா? இன்னொரு சந்தேகம். மாம், கிரீன், ஃபிளெமிங், லெ காரே என்று உளவுக் கதை எழுதிய பலர் உளவுத்துறையில் வேலை பார்த்தவர்களாக இருக்கிறார்கள். உளவைப் பார்த்துக் கதை பிறந்ததா, கதையைப் பார்த்து உளவு பிறந்ததா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நடந்திருக்கிறது. கிரீன் எழுதியதைவிடப் பெரிய அளவில், இரண்டாம் உலகப் போரின் மிக முக்கியமான சில வாரங்களைத் தொட்ட அளவில் நடந்திருக்கிறது.

முதலில் கிரீனுக்கு இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்துவிடுவோம். அவர் 1941-ல் பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6-ல் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரத்தில் பணியாற்றிவிட்டு 1943-ல் இங்கிலாந்து திரும்பினார். அப்போது போர்ச்சுகல் விவகாரங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. போர்ச்சுகல் நடுநிலை நாடு. அதன் தலைநகர் லிஸ்பனில் ஜெர்மானியரும் பிரிட்டிஷாரும் ஒரே ஹோட்டலில் தங்கி, ஒரே உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தகவல் அங்கே சந்தைச் சரக்கு. வாங்க ஆள் இருந்ததால் விற்கவும் ஆள் கிளம்பினார்கள். பால் ஃபிட்ர்முக் என்பவர் லிஸ்பனில் உட்கார்ந்தபடியே, பிரிட்டனில் தனக்கு ஆட்கள் இருப்பதாகச் சொல்லி ஜெர்மானியருக்கு அறிக்கைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். ‘ஆஸ்ட்ரோ’ என்பது அவருடைய சங்கேதப் பெயர். அவர் சொன்ன ஆட்கள் எங்கும் இல்லை. ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்ததால் இது லண்டனுக்குத் தெரியும். ஆனாலும் லண்டன் நிம்மதியாக இல்லை. கற்பனையாக எழுதுகிறவர் ஏதாவது ஒரு நாள் தற்செயலாக உண்மையைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது? இந்தக் கவலை சுற்றிவந்த துறையில்தான் கிரீன் வேலை பார்த்தார். 1958-ல் வந்த நாவலின் விதை அங்கே விழுந்தது.

இப்படி ஆட்களைக் கற்பனை செய்தவர்களில் எல்லாரையும் விஞ்சியவர் ஒருவர் உண்டு. ஹுவான் புஜோல் கார்ஸியா. 1912-ல் பார்சலோனாவில் பிறந்தவர். போர் தொடங்கியபோது அவரிடம் படிப்போ பதவியோ பணமோ பெரிதாக இல்லை. கோழிப்பண்ணை நடத்திப் பார்த்திருக்கிறார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கத்துப் படைகளிலும் இருந்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் வெறுத்து வெளியே வந்தவர். ஹிட்லர் தோற்க வேண்டும், அதில் தனக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 1941 தொடக்கத்தில் அவரும் மனைவியும் மாட்ரிட்டில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை அணுகினார்கள். முதலில் போய்ப் பேசியவர் அவருடைய மனைவி அரசெலி. தூதரகம் திருப்பி அனுப்பிவிட்டது.

இங்கே வேறு எவராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். புஜோல் எதிர்த்திசையில் நடந்தார். ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான அப்வேரிடம் போனார். தான் தீவிர நாஜி ஆதரவாளன் என்றும், ஸ்பெயின் அரசு வேலையாக லண்டன் போகப்போவதாகவும் சொன்னார். மாட்ரிட்டில் இருந்த அப்வேர் அதிகாரிகள் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத மை, சங்கேதப் புத்தகம், 600 பவுண்டு பணம் கொடுத்து வழியனுப்பினார்கள். அவர் லண்டன் போகவில்லை. லிஸ்பனில் இறங்கினார். அங்கிருந்துகொண்டே, இங்கிலாந்திலிருந்து எழுதுவதுபோல் கடிதம் எழுதத் தொடங்கினார். தன் கடிதங்களை ஒரு விமானி கொண்டுவந்து லிஸ்பனில் தபாலில் சேர்க்கிறார் என்று ஜெர்மானியரிடம் ஒரு விமானியையும் உருவாக்கிச் சொல்லிவிட்டதால், லிஸ்பன் முத்திரை யாருக்கும் உறுத்தவில்லை.

கையில் இருந்தவை இங்கிலாந்து சுற்றுலா வழிகாட்டி ஒன்று, ஒரு வரைபடம், ரயில் கால அட்டவணை, நூலகத்தில் கிடைத்த புத்தகங்கள், தியேட்டரில் ஓடிய செய்திப்படங்கள். இங்கிலாந்தை அவர் பார்த்ததே இல்லை. அதனால் கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளிகள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்று எழுதினார். ஸ்பெயின்காரருக்கு அது இயல்பாகப் பட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒயின் குடிப்பவர்கள் அல்ல. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு அவருக்குப் பிடிபடவே இல்லை. பயணச் செலவைக் கூட்டிக் காட்ட முடியாமல் திணறினார். இத்தனை ஓட்டைகளோடும் கடிதங்கள் எடுபட்டன. மால்டா தீவுக்குப் புறப்பட்டதாக அவர் எழுதிய ஒரு கப்பல் அணியைத் தேடி ஜெர்மானியர் கடலில் அலைந்தார்கள். அப்படி ஓர் அணியே கிடையாது.

லண்டனில் இதை வேறொரு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் சங்கேதச் செய்திகளை உடைத்தபோது, இங்கிலாந்துக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் ஓர் ஏஜென்ட்டின் அறிக்கைகள் வந்து விழுந்தன. யார் இவர்? நாட்டுக்குள் பிடிபடாத ஒற்றன் ஒருவன் இருக்கிறானா? இருந்தால் ஏன் இவ்வளவு தவறாக எழுதுகிறான்? இதற்குள் அரசெலி லிஸ்பனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மூலமாக மறுபடி கதவைத் தட்டினார். இம்முறை திறந்தது. 1942 ஏப்ரலில் புஜோல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 அவரை எடுத்துக்கொண்டது. நடிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அந்நாளின் மாபெரும் நடிகையின் பெயரைச் சூட்டினார்கள்: கார்போ.

அவரோடு வேலை செய்ய அமர்த்தப்பட்டவர் தோமாஸ் ஹாரிஸ். தாய்வழியில் ஸ்பானியர், ஓவியங்களை வாங்கி விற்பவர், தானும் ஓவியர். இந்த இருவரும் லண்டனில் ஒரு சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று ஆண்டுகள் செய்ததை இலக்கியப் பணி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மொத்தம் 27 ஏஜென்ட்டுகளை உருவாக்கினார்கள். கிளாஸ்கோவில் வெனிசுவேலா நாட்டு மாணவர் ஒருவர். ஜிப்ரால்டரைச் சேர்ந்த உணவக ஊழியர் ஒருவர். வேல்ஸ் நாட்டில் ஆரிய மேன்மை பேசும் ஒரு சிறு கூட்டம். அந்தக் கூட்டத்தில் ‘ராக்ஸ்’ என்று ஓர் இந்தியக் கவிஞர். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்த்து இலங்கைக்கு அனுப்பி, அங்கிருந்தும் செய்தி எழுத வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி நடை, தனிக் குணம், தனி மனக்குறை. ஒருவர் பேராசைக்காரர், ஒருவர் பயந்தவர், ஒருவர் அவசரக்காரர். புஜோல் எழுதிய 315 கடிதங்கள் சராசரியாக இரண்டாயிரம் சொல் நீளம் கொண்டவை. மேலே சாதாரணக் குடும்பக் கடிதம், வரிகளுக்கு இடையில் மறைமையில் உளவு அறிக்கை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உளவுத்துறை ஏன் ஏமாந்தது? திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். ஜெர்மானியர் சரிபார்க்காமல் இல்லை. ஒரு செய்தி வந்தால் மற்ற ஏஜென்ட்டுகள் சொல்வதோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. காரணம், பிரிட்டனுக்குள் இருந்த அத்தனை ஜெர்மன் ஒற்றர்களும் அதற்குள் பிடிபட்டோ, சரணடைந்தோ லண்டனின் கைக்குள் வந்துவிட்டார்கள். ‘இருபது கமிட்டி’ என்ற ஒரு குழு அவர்கள் ஒவ்வொருவரும் என்ன சொல்ல வேண்டும் என்பதை வாராவாரம் கூடி முடிவு செய்தது. வள்ளுவர் வைத்த நிபந்தனையின் உயிர், மூவரும் தனித்தனியாக இருப்பதில் இருக்கிறது. பெர்லின் பார்த்த மூவரும் ஒரே மேஜையில் எழுதப்பட்டவர்கள். அந்தக் குழுவின் தலைவர் ஜான் மாஸ்டர்மன் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாற்றுப் பேராசிரியர். போருக்கு முன்பே ஒரு துப்பறியும் நாவல் எழுதியவரும்கூட.

இரண்டாவது காரணம் மனித இயல்பு. மாட்ரிட்டில் புஜோலை நடத்திய அதிகாரி கார்ல் எரிக் கூலன்தால். அவருடைய பாட்டி வழியில் யூத ரத்தம் இருந்தது. நாஜி ஆட்சியில் அது உயிருக்கே ஆபத்தான விஷயம். தன் பதவியைக் காத்துக்கொள்ள அவருக்கு ஒரு பெரிய வெற்றி தேவைப்பட்டது. புஜோல்தான் அந்த வெற்றி. தன் சிறந்த ஏஜென்ட் பொய்யன் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை, நஷ்டம் மட்டுமே உண்டு. மேலிடத்திலும் இப்படித்தான். இங்கிலாந்தில் எங்களுக்கு 27 பேர் கொண்ட வலை இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டவர்கள் அதைக் கலைக்க விரும்புவதில்லை. கிரீனின் நாவலில் லண்டன் தலைமையகம் நடந்துகொள்வதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது காரணம், பொய்யைக் கட்டிய நேர்த்தி. புஜோலும் ஹாரிஸும் உண்மையைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆனால் பயன்படாத நேரத்தில் கொடுத்தார்கள். 1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. அதற்கான கப்பல்கள் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றிலிருந்து புறப்பட்டதை புஜோலின் கடிதம் சரியாகவே சொன்னது. அஞ்சல் முத்திரை தாக்குதலுக்கு முந்தைய தேதியில் இருந்தது. கடிதம் மட்டும் தாக்குதலுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. ஜெர்மானியர் தபாலைத்தான் குறை சொன்னார்கள். எழுதியவர் மேல் மதிப்பு கூடியது. அதே கப்பல்கள் திரளும்போது லிவர்பூலில் இருந்த ஏஜென்ட் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி வருமே? அவர் நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார் என்று எழுதினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பும் வந்தது. இல்லாத மனிதரின் இல்லாத மனைவிக்கு ஜெர்மனி உதவித்தொகை கொடுத்தது. பின்னர் அந்த விதவையே ஓர் ஏஜென்ட் ஆனார். இத்தனை ஏஜென்ட்டுகளுக்கும் சேர்த்து ஜெர்மனி கொடுத்த பணம் சுமார் 3,40,000 டாலர். பிரிட்டிஷாரின் வேலைக்கு ஜெர்மனி சம்பளம் கொடுத்தது.

அரசெலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. இரண்டு முறை தூதரகக் கதவைத் தட்டியவர் அவர். லண்டனுக்கு வந்த பிறகு அவருக்கு எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை. வடக்கு லண்டனில் ஹெண்டன் பகுதியில் ஒரு வீட்டுக்குள், மொழி தெரியாமல், குழந்தைகளோடு, ஸ்பானியர் யாரிடமும் பேசக்கூடாது என்ற தடையோடு இருந்தார். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், மறுத்தார்கள். 1943 ஜூனில், விடாவிட்டால் ஸ்பெயின் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று எச்சரித்தார். அவரை அடக்க ஹாரிஸும் புஜோலும் சேர்ந்து ஒரு நாடகம் நடத்தினார்கள். அவரால் கணவர் கைதாகிவிட்டார் என்று நம்பவைத்து, கண்ணைக் கட்டி விசாரணை முகாமுக்கு அழைத்துப்போய்க் கைதியின் உடையில் புஜோலைக் காட்டினார்கள். அவர் பணிந்தார். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இதையும் ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அப்படிப் படிக்க மனம் வரவில்லை. எதிரியை ஏமாற்ற வளர்த்த திறமை வீட்டுக்குள் திரும்பிய இடம் அது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

இனி 1944 ஜூன். நேச நாடுகள் பிரான்சில் எங்கே இறங்கப்போகின்றன என்பதுதான் போரின் பெருங்கேள்வி. உண்மையான இடம் நார்மண்டி. ஜெர்மானியர் எதிர்பார்த்தது இங்கிலாந்துக்கு மிக அருகில் இருக்கும் கலே கரை. அந்த எதிர்பார்ப்பை வளர்க்க, ஜெனரல் பேட்டன் தலைமையில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு பெரும்படை திரண்டிருப்பதாகக் காட்டினார்கள். ரப்பர் டாங்குகள், போலி வயர்லெஸ் உரையாடல்கள் எல்லாம் உண்டு. ஆனால் பெர்லினில் அந்தப் படைக்கு உருவம் கொடுத்தவை ஏஜென்ட்டுகளின் அறிக்கைகள். 1944 ஜனவரி முதல் ஜூன் வரை புஜோலின் வலையிலிருந்து 500-க்கும் மேற்பட்ட வயர்லெஸ் செய்திகள் போயின.

ஜூன் 6 அதிகாலை, தாக்குதல் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, படைகள் புறப்பட்டுவிட்டன என்று புஜோலே எச்சரிக்க அனுமதி வாங்கினார்கள். பயன்படுத்திக்கொள்ள நேரமில்லாத எச்சரிக்கை, ஆனால் அவருடைய நேர்மையை நிலைநாட்டும் எச்சரிக்கை. மாட்ரிட்டில் வயர்லெஸ் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. மணிக்கணக்கில் பதில் இல்லை. செய்தி காலையில்தான் போய்ச் சேர்ந்தது. புஜோல் அதையும் பயன்படுத்திக்கொண்டார். உயிரைப் பணயம் வைத்து அனுப்பியதை வாங்க ஆளில்லையா என்று கோபமாக எழுதினார். ஜெர்மானியர் சமாதானம் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 9 நள்ளிரவுக்குப் பிறகு, இரண்டு மணி நேரம் நீண்ட ஒரு செய்தியை அனுப்பினார். நார்மண்டி வெறும் திசைதிருப்பல், பேட்டனின் படை இன்னும் அசையவில்லை, பெரிய அடி கலேயில் விழப்போகிறது என்பது அதன் சாரம். அது ஹிட்லரின் தலைமையகம்வரை போனது. கலே கரையில் நின்ற ஜெர்மன் படைகளில் பெரும்பகுதி வாரக்கணக்கில் அங்கேயே நின்றன, வராத ஒரு படையை எதிர்பார்த்து. அந்த நாட்களில்தான் நேச நாடுகள் நார்மண்டியில் காலூன்றின. வென்றதற்கு ஒரே காரணம் புஜோல் என்று சொல்வது அங்கே கடற்கரையில் விழுந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கலேயில் இருந்த டாங்குகள் அந்த வாரமே தெற்கே திரும்பியிருந்தால் இன்னும் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1944 ஜூலையில் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை வழங்கியதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன் எம்.பி.இ. விருது கொடுத்தது. கிரீனின் நாவல் முடிவில் கதாநாயகன் வோர்மோல்டுக்கும் ஒரு விருது கிடைக்கிறது அல்லவா? மிகை என்று நினைத்தோமானால், வரலாறு அதைவிட ஒரு விருது கூடுதலாகவே கொடுத்துவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கதை முந்தியா, உளவு முந்தியா? பிரிட்டன் விஷயத்தில் கதை முந்தி என்று ஆதாரத்தோடு சொல்லலாம். வில்லியம் லெ கியூ என்ற ஜனரஞ்சக எழுத்தாளர் 1906-ல் ஜெர்மனி இங்கிலாந்தைத் தாக்குவதாக ஒரு தொடர்கதை எழுதினார். ‘டெய்லி மெயில்’ பத்திரிகை அதை வெளியிட்டது. கதையில் ஜெர்மன் படை எந்த ஊர்களின் வழியாக வர வேண்டும் என்பதைப் பத்திரிகை விற்பனைக்கு ஏற்ப மாற்றினார்கள். 1909-ல் அவர் எழுதிய இன்னொரு புத்தகம், நாடெங்கும் ஜெர்மன் ஒற்றர்கள் சலூன்காரராகவும் பணியாளராகவும் ஒளிந்திருக்கிறார்கள் என்றது. வாசகர்கள் பீதியடைந்தார்கள். சந்தேகப்பட்ட ஆட்களைப் பற்றி அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் கடிதங்களில் சில அரசின் விசாரணைக் குழு முன்னால் சாட்சியமாகவே போயின. அதே 1909-ல் பிரிட்டன் ஒரு ரகசிய சேவைப் பிரிவைத் தொடங்கியது. இன்றைய எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டுக்கும் மூலம் அதுதான். ஆனால் லெ கியூ சொன்ன அவ்வளவு ஒற்றர்கள் அங்கே இருந்ததே இல்லை.

இதைவிட வியப்பான கண்ணி ஒன்று உண்டு. பேசில் தாம்சன் என்பவர் முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்து யார்டின் உயர் அதிகாரி; 1916-ல் மாதா ஹரியை விசாரித்தவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் நாவல்கள் எழுதினார். 1937-ல் வந்த ஒரு நாவலில், பிணம் ஒன்றின் சட்டைப் பையில் இருக்கும் காகிதங்கள் அத்தனையும் போலி என்று வருகிறது. 1939 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவு எதிரியை ஏமாற்றும் உபாயங்களைப் பட்டியலிட்டு ஒரு குறிப்பு தயாரித்தது. இயக்குநர் காட்ஃப்ரீயின் பெயரில் போன அந்தக் குறிப்பை எழுதியதில் அவருடைய உதவியாளருக்குப் பெரும்பங்கு இருந்தது என்பார்கள். அந்த உதவியாளர்தான் இயன் ஃபிளெமிங். பட்டியலில் ஒன்று, விமானி உடையில் ஒரு பிணத்தைப் போலிக் காகிதங்களோடு கடற்கரையில் போடுவது. தாம்சனின் நாவலிலிருந்து எடுத்த யோசனை என்று குறிப்பே சொல்கிறது.

1943-ல் அந்த யோசனையைச் செயல்படுத்தினார்கள். லண்டனில் ஆதரவற்று, எலி விஷம் தின்று இறந்த க்ளின்டூர் மைக்கேல் என்ற வேல்ஸ்காரரின் உடலுக்கு மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயர் சூட்டினார்கள். அவருக்கு ஒரு காதலி, அவள் புகைப்படம், காதல் கடிதங்கள், மோதிரம் வாங்கிய பில், வங்கியிலிருந்து கடன் பாக்கிக் கடிதம், நாடக டிக்கெட்டின் கிழிந்த பாதி என்று ஒரு வாழ்க்கையையே பைகளில் வைத்தார்கள். கையில் சங்கிலியால் பிணைத்த பெட்டியில், தாக்குதல் கிரீஸிலும் சார்டினியாவிலும் நடக்கும் என்று சொல்லும் கடிதங்கள். ஏப்ரல் 30 அன்று ஒரு நீர்மூழ்கி அவரை ஸ்பெயினின் வெல்வா கரைக்கு அருகே கடலில் இறக்கியது. காகிதங்களின் நகல் ஜெர்மானியர் கைக்குப் போனது. மாட்ரிட்டிலிருந்து அதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? கூலன்தால். புஜோலை நம்பிய அதே கூலன்தால். ஜெர்மன் டாங்குப் படை கிரீஸுக்கு நகர்ந்தது. ஜூலை 10 அன்று நேச நாடுகள் சிசிலியில் இறங்கின.

எழுத்தாளர்களை உளவுத்துறை தேடியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. வெளிநாட்டில் மாதக்கணக்கில் ஹோட்டலில் தங்கலாம், யாரிடமும் கேள்வி கேட்கலாம், எதையும் குறித்துக்கொள்ளலாம். எழுத்தாளர் என்றால் ஊர் சந்தேகப்படாது. சாமர்செட் மாம் முதல் உலகப் போரில் ஜெனீவாவில் நாடகம் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஏஜென்ட்டுகளைச் சந்தித்தார். அந்த அனுபவத்தில் பிறந்த ‘ஆஷெண்டன்’ 1928-ல் வந்தது. சாகசத்தைவிடக் காத்திருப்பும் அலுப்பும் அதிகம் உள்ள கதைகள் அவை. உளவு வேலையின் உண்மையான சுவை அதில் இருக்கிறது. ஃபிளெமிங் மேஜையில் திட்டமிட்டவர். களத்தில் ஏஜென்ட்டாக இருந்தவர் அல்ல. ஜேம்ஸ் பாண்ட் அவருடைய ஆசைகளால் ஆன மனிதர். பெயர்கூட ஒரு பறவையியல் அறிஞருடையது.

இதுவரை சொன்னதில் எல்லாம் வெற்றி தெரிகிறது. இதே வித்தை எதிர்த்தரப்பிடமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நூர் இனாயத் கான், திப்பு சுல்தான் வழிவந்த இந்தியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவர். 1939-ல் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காகத் திரும்ப எழுதி வெளியிட்டவர். 1943 ஜூனில் வயர்லெஸ் இயக்குபவராக ரகசியமாகப் பிரான்சில் இறக்கப்பட்டார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வரச் சொன்னபோது மறுத்து, பாரிஸில் வீடு மாற்றி வீடு மாற்றிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். விசாரணையில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அவருடைய பழைய செய்திகளின் பதிவேடும் வயர்லெஸ் பெட்டியும் ஜெர்மானியர் கையில் கிடைத்தன. அவர்கள் நூரின் பெயரில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டன் நம்பியது. அதை நம்பிப் பாராசூட்டில் குதித்தவர்கள் நேராக எதிரியின் பிடியில் இறங்கினார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் நூர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 30.

ஆக, பெர்லின் மட்டும் ஏமாந்தது என்று எண்ண வேண்டாம். கைக்குள் இருப்பதாக நினைக்கும் ஏஜென்ட்டை இழக்க லண்டனுக்கும் மனம் வரவில்லை. வோர்மோல்டு இஷ்டத்துக்கு எழுதிய பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் நிஜமாகவே ஆபத்தில் சிக்கத் தொடங்கும் இடத்தில் கிரீனின் நாவல் சட்டென்று இருண்டுபோவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அத்தியாயங்களை எழுதியவருக்கு, தவறான ஒரு தகவலின் விலை என்ன என்பது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். போர்ச்சுகல் மேஜையில் அவருடைய மேலதிகாரியாக இருந்தவர் கிம் ஃபில்பி, சோவியத் ஒற்றர். 1963-ல் மாஸ்கோவுக்குத் தப்பிப்போனவர். ஹாரிஸுக்கும் நெருங்கிய நண்பர். எதிரிக்காகப் பொய் தயாரித்த அறைகளுக்குள்ளேயே இன்னொரு பொய் உட்கார்ந்திருந்தது.

புஜோல் என்ன ஆனார் என்று நிச்சயம் கேட்பீர்கள். நாஜிகள் பழிவாங்குவார்கள் என்ற அச்சத்தில், 1949-ல் அங்கோலாவில் மலேரியாவால் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பிவிட்டு வெனிசுவேலாவில் வாழ்ந்தார். அங்கே புத்தகமும் பரிசுப் பொருளும் விற்கும் கடை வைத்திருந்தார். நைஜல் வெஸ்ட் என்ற எழுத்தாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, 1984-ல், நார்மண்டித் தாக்குதலின் நாற்பதாம் ஆண்டில், லண்டனுக்கு அழைத்துவந்தார். 1988-ல் கரகஸ் நகரத்தில் காலமானார்.

இந்தப் பக்கமாக இன்னும் படிக்க விரும்பினால், ஹாரிஸ் போர் முடிந்ததும் துறைக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையைத் தேடிப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ரகசியமாக இருந்துவிட்டு 2000-ல் புத்தகமாக வந்தது. அரசு அலுவலக நடைதான். ஆனால் ஒவ்வொரு கற்பனை ஏஜென்ட்டும் எப்போது சேர்ந்தார், யாரிடம் கோபித்துக்கொண்டார், எப்போது கைவிடப்பட்டார் என்று வரிசையாகப் போகிறது. கிரீனின் நாவல் இன்னும் மனதில் ஈரமாக இருக்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.